சீனு போட்ட கையெழுத்து

அத்தியாயம் 14

நுகர்வோர் கோர்ட்டில் ஆஸ்பத்திரிக்காரர்கள் பதில் தாக்கல் செய்ய அன்றுதான் கடைசி நாள். ஏற்கனவே ஒருமுறை வாய்தா வாங்கி இழுத்துவிட்டார்கள்.

"அவங்ககிட்ட சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா. அதான் இழுக்கறாங்க" என்று வக்கீல் வீணா முந்தைய நாள் போனில் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை மடியில் கட்டிக்கொண்டுதான் மரகதம் கிளம்பி வந்திருந்தாள். கார்மென்ட்ஸில் லீவு கேட்டபோது சூப்பர்வைசர் முறைத்ததுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

கோர்ட் வராந்தாவில் பெஞ்சு கிடைக்கவில்லை. சுவரோரமாக நின்றார்கள், அம்மாவும் மகளும். பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, பழுதான வாஷிங் மெஷினுக்காக வந்தவள், "நீங்க எதுக்கு?" என்று கேட்டாள்.

மரகதம் சொன்னாள். யார் கேட்டாலும் நாலு வரியில் சொல்லிவிடுவாள். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்டது.

புருஷன் பெயர் அய்யாவு. பொம்மசந்திராவில் இரும்புத் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை. போன வருஷம் மழையில் வண்டி வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. தம்பி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி என்று நம்பிச் சேர்த்தார்கள். ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். ஐந்தாம் நாள் கெண்டைக்கால் கல் மாதிரி வீங்கியது. டாக்டரிடம் மூன்று தடவை சொன்னாள். "ஆபரேஷன் பண்ண கால் வீங்காம என்னம்மா பண்ணும்?" என்றார். ஒன்பதாம் நாள் டிஸ்சார்ஜ். பதினோராம் நாள் காலையில் பல் தேய்க்கப் போனவர் மூச்சு வாங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். கிட்டே இருந்த அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஸ்கேன் பார்த்தவர்கள், காலில் உறைந்த ரத்தம் கட்டியாக மேலே ஏறி நுரையீரலை அடைத்துவிட்டது என்றார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துபோனது.

"அய்யோ பாவமே" என்றாள் வாஷிங் மெஷின்காரி. அவளை உள்ளே கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

சௌம்யா போனில் மணி பார்த்தபடி நின்றாள். இருபத்துமூன்று வயது. கஸ்டமர் கேரில் வேலை, இரண்டு மணிக்கு ஷிப்ட். வழக்குப் போட்டவள் மரகதம் என்றாலும், போட வைத்தவள் இவள்தான். 'காசுக்காக இல்லம்மா, அந்தாளு ஒரு தடவையாவது தப்புன்னு ஒத்துக்கணும்' என்று ஆரம்பித்தது. அப்பாவின் கெண்டைக்காலை அவள் தன் போனில் எடுத்த படம் வழக்கோடு சேர்த்துத் தாக்கலாகியிருந்தது.

பன்னிரண்டே காலுக்கு வீணா கோர்ட் அறையிலிருந்து வெளியே வந்தார். கையில் தடித்த காகிதக் கட்டு.

"குடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட் முழுசா சேத்து" என்றார். முகத்தில் காலையில் இருந்த தெளிவு இல்லை. "மரகதம்மா, உங்க தம்பி பேர் சீனுதானே? ஆர். சீனு?"

"ஆமா மேடம். அங்க வார்டு அட்டெண்டர். ஏன்?"

வீணா கட்டின் நடுவிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துச் சௌம்யாவிடம் நீட்டினார். "படிம்மா."

இங்கிலீஷில் அச்சடித்த படிவம். நடுநடுவே பேனாவால் எழுதியிருந்தது. சௌம்யாவின் உதடுகள் அசைந்துகொண்டே போய், பாதியில் நின்றன. பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"என்னடி? சொல்லேன்."

"அப்பாவுக்கு ஏழாவது நாள் கால்ல டாப்ளர் ஸ்கேன் எடுக்கணும்னு சொன்னாங்களாம். ரத்தம் உறைஞ்சிருக்கலாம், உயிருக்கு ஆபத்து வரலாம்னு விளக்கமா எடுத்துச் சொன்னாங்களாம்." சௌம்யா விரலைக் கீழ் வரிக்கு நகர்த்தினாள். "நம்ம பக்கத்துல வேண்டாம்னு மறுத்துட்டாங்களாம். கீழ கையெழுத்து. உறவு, மச்சினன்."

மரகதம் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தக் கையெழுத்து தெரியும். முதல் எழுத்தைப் பெரிதாகச் சுழித்து, கடைசியில் கீழே ஒரு கோடு இழுத்து, கோட்டின்மேல் இரண்டு புள்ளி. தம்பி பத்தாவது படிக்கும்போது நோட்டுப் புத்தகம் பூராவும் போட்டுப் பழகினது.

"இது பொய்" என்றாள். "அவன் போட்டிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பானா? யாரோ பாத்து வரைஞ்சிருக்காங்க மேடம்."

"அப்படி இருந்தா நமக்கு நல்லது" என்றார் வீணா. "இல்ல, விஷயத்தைச் சொல்லாம சும்மா வாங்கியிருந்தாலும் சரி. ரெண்டுல எதுவா இருந்தாலும் அவர் வாயால வந்து சொல்லணும். நம்ம கேஸ் நிக்கறதே, அவங்க நமக்கு ஒண்ணுமே சொல்லலைங்கறதுலதான். இந்த ஒரு பேப்பர் அதை அப்படியே உடைச்சிடும். 'நாங்க சொன்னோம், அவங்கதான் வேண்டாம்னாங்க'ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க. அவங்க முந்திக்கறதுக்குள்ள உங்க தம்பிகிட்ட நான் சத்தியப் பிரமாணமா ஒரு அஃபிடவிட் வாங்கணும்."

"நானும் வர்றேன்" என்றாள் சௌம்யா.

"நீ வேலைக்குப் போ. நீ வந்தா சண்டை ஆயிடும். அவன் என் தம்பி. நான் கேட்டா சொல்லுவான்."

அப்படித்தான் நம்பினாள். பஸ்ஸில் கண்டக்டர் ஆதார் கார்டைக் கேட்டுப் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தபோதும், டொம்ளூர் தாண்டி வண்டி நகராமல் நின்றபோதும் அதையேதான் மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். அய்யாவு போன பிறகு வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றுவதிலிருந்து சௌம்யாவுக்கு நைட் ஷிப்ட் என்றால் ஆபீஸ் கேப் வரும்வரை தெருமுனையில் நிற்பதுவரை எல்லாம் அவன்தான். வழக்கைப் பற்றி மட்டும் எதுவும் பேச மாட்டான். அங்கேயே வேலை பார்க்கிறவன், சங்கடம் இருக்கத்தானே செய்யும் என்று இவளும் கேட்டதில்லை.

ஈஜிபுராவில் மேம்பால வேலைக்காக அடைத்திருந்த தகரத்தைச் சுற்றிக்கொண்டு, சந்துக்குள் நடந்து, மூன்றாவது மாடி ஏறினாள். சீனுவுக்கு அன்று காலை ட்யூட்டி. நாலு மணிக்கு வந்துவிடுவான். கதவைத் திறந்தவள் மமதா. சீனுவின் மனைவி. மைசூர் பக்கத்துப் பெண். கல்யாணமாகி வந்து தமிழ் கற்றுக்கொண்டவள்.

"வாங்க அக்கா" என்றவள் மரகதத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனாயித்து? என்ன ஆச்சு?" என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டாள்.

"சீனு இருக்கானா?"

சீனு யூனிபார்ம் சட்டையைக்கூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நாற்பத்தொரு வயதில் முன்மண்டை வழுக்கை. அக்காவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். இவள் ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையிலிருந்து ஜெராக்ஸ் காகிதத்தை எடுத்து அவன் முன்னால் நீட்டினாள்.

அவன் கையால் வாங்கவில்லை. எட்டிப் பார்த்தான். அவ்வளவுதான்.

"இது உன் கையெழுத்து இல்லைன்னு சொல்லுடா" என்றாள் மரகதம்.

பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. மமதா போய்க் கதவைச் சாத்தினாள்.

"சீனு."

"என்னுதுதான்க்கா."

மரகதம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"எப்ப போட்டே? எல்லாம் முடிஞ்சப்புறம் வாங்கினாங்களா? ஃபைல் காப்பி குடுக்கறதுக்குன்னு சொல்லி..."

"இல்லக்கா." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அன்னிக்கேதான். ஏழாவது நாளு. நீ குளிச்சிட்டு வர்றேன்னு வீட்டுக்குப் போயிருந்தே."

மரகதத்துக்கு அந்தச் சாயங்காலம் நினைவிருந்தது. ஏழு நாளில் அன்றைக்குத்தான் முதல்முறையாக வீட்டுக்குப் போனாள். 'போக்கா, நான் பாத்துக்கறேன்' என்று இவன்தான் அனுப்பினான்.

"சின்ன டாக்டர் ஒருத்தர் ரவுண்ட்ஸ் வந்தாரு" என்றான் சீனு. "காலை அமுக்கிப் பாத்துட்டு, டாப்ளர் எடுக்கணும்னாரு. எங்க ஆஸ்பத்திரி மெஷின் ரிப்பேரு. வெளிய சென்டருக்கு ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போகணும். பெரிய டாக்டருக்கு போன் போட்டாரு. பெரியவரு என்ன சொன்னாரோ, போனை வச்சிட்டு, 'தேவையில்லையாம் சீனு, ஆனா நான் ஃபைல்ல எழுதிட்டேன், எடுக்கலைன்னா காரணம் காட்டணும், நீ நம்ம ஸ்டாஃப்தானே, ஒரு கையெழுத்து போட்டுடு'ன்னாரு."

"ரத்தம் உறைஞ்சிருக்கும்னு சொன்னாங்களா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. வீக்கத்துக்குன்னுதான் நெனச்சேன்."

"படிச்சுப் பாத்தியா?"

அவன் தலையை ஆட்டினான், இல்லை என்று.

"நம்ம ஸ்டாஃப்னு சொன்னாருக்கா. அத்தனை பேர் நடுவுல, பேர் சொல்லி. எனக்கு ஒரு மாதிரி பெருமையா இருந்துச்சு." குரல் உடைந்தது. "மறுபடி மாமாவைத் தூக்கி எறக்கி அலைக்கழிக்க வேணாம்னு வேற தோணுச்சு. போட்டுட்டேன்."

கேட்கக்கூடாது என்று தெரிந்தே மரகதம் கேட்டாள்.

"அவரு முழிச்சிருந்தாரா?"

சீனு கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவினான்.

"கேக்கறேன்ல."

"முழிச்சிட்டுதான் இருந்தாரு. 'எதுக்குடா கையெழுத்து?'ன்னு கேட்டாரு. சும்மா ஃபைலுக்கு மாமான்னு சொன்னேன். சரின்னாரு."

மமதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்கும் இது புதிது என்று மரகதத்துக்குப் புரிந்தது. பதினான்கு மாதமாக இவன் யாரிடமும் சொல்லவில்லை.

அடிக்கத் தோன்றியது. வாய்விட்டுச் சபிக்கத் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் வீணா சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"சரி. நடந்தது நடந்துபோச்சு. இப்ப என்கிட்ட சொன்னியே, இதை அப்படியே கோர்ட்டுல வந்து சொல்லு. ரத்தக் கட்டின்னு யாரும் சொல்லல, தேவையில்லைன்னு சொல்லித்தான் வாங்கினாங்கன்னு சொல்லு. வக்கீலம்மா எழுதித் தருவாங்க, போதுமாம்."

"முடியாதுக்கா."

"வேலை போயிடும்னு பயப்படறியா?"

"வேலை போனா போவுது. வீடு வீடா சாமான் டெலிவரி பண்ணியாவது பொழச்சுக்குவேன்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "போன வெள்ளிக்கிழமை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. பெரிய டாக்டர், அவங்க வக்கீல், மேனேஜர், எல்லாரும் இருந்தாங்க. எனக்கு டீ குடுத்தாங்கக்கா. பதினோரு வருஷத்துல முதல் தடவையா அந்த ரூம்ல உக்காரச் சொன்னாங்க. ஸ்டாம்ப் பேப்பர்ல டைப் அடிச்சு ரெடியா வச்சிருந்தாங்க."

"போட்டியா?"

"போட்டுட்டேன்."

"அதுல என்ன இருந்துச்சு?"

"எல்லாத்தையும் விளக்கிச் சொன்னாங்க, நான் புரிஞ்சுக்கிட்டுதான் வேண்டாம்னேன்னு. அவங்களே படிச்சுக் காட்டினாங்க."

"பொய்னு தெரிஞ்சுதானே போட்டே?"

"ஆமா."

"ஏன்டா?" மரகதத்தின் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "ஏன்டா பாவி?"

"போடலைன்னா விசாரணைன்னு கூப்பிடுவாங்க, ஊரறிய எல்லாத்தையும் கிளறுவாங்கன்னு சொன்னாங்க. சௌம்யா அங்க வந்து நிப்பா. அவ முன்னாடி நான் என்னன்னு சொல்லுவேன்? உங்கப்பா உசிரு என் கையெழுத்துலதான் போச்சுன்னா?" அவன் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். "பேப்பரோட பேப்பரா போயிடும்னு நெனச்சேன். நீங்களும் ஒருநாள் கேஸை விட்டுருவீங்கன்னு நெனச்சேன்."

அவனுடைய உச்சந்தலை அவளுக்கு நேராகத் தெரிந்தது. சின்ன வயசில் அம்மை போட்டிருந்தபோது ராத்திரி முழுக்க வேப்பிலையால் தடவிக் கொடுத்த தலை. மரகதம் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். மடிப்பு சரியாக விழவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

"நான் வர்றேன்" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

மமதா மாடிப்படியில் பின்னாலேயே இறங்கி வந்தாள். கீழே கேட்டருகில் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, அவரு ராத்திரில எழுந்து உக்காந்துக்குவாரு. கேட்டா வாயுன்னு சொல்லுவாரு. நான் நிஜமாவே வாயுன்னு நெனச்சு சோம்பு தண்ணி வச்சுக் குடுத்தேன்" என்றாள். அழுதாள். "என்னைத் தப்பா நெனச்சுக்காதீங்க."

மரகதம் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பில் வந்து உட்கார்ந்தாள். வீட்டுப் பக்கம், அடுகோடிக்குப் போகும் இரண்டு பஸ் வந்து போயின. ஏறவில்லை. ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் நின்றார்கள், ஏறினார்கள், வேறு ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு கிழவர் அவளிடம் கோரமங்களா பஸ் போய்விட்டதா என்று கேட்டார். தெரியாது என்றாள்.

சீனு சொன்னதை வீணாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தாள். பொய்ச் சத்தியம் செய்தவன் என்று அவன்மேல் வழக்கு வரலாம். சொல்லாவிட்டால் அந்த ஒரு காகிதத்தோடு அய்யாவுவின் வழக்கு முடிந்துவிடும். மூன்று தடவை டாக்டரிடம் போய்ச் சொன்னது, அவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னது, எதுவும் எந்த ஏட்டிலும் இல்லை. குடும்பத்தார் மறுத்துவிட்டார்கள் என்பது மட்டும் கறுப்பு மையில் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் படிக்கும்போது தான் எங்கே பார்த்துக்கொண்டு நிற்பது என்று நினைத்துப் பார்த்தாள். அங்கேயே யோசனை நின்றுவிட்டது.

சௌம்யா இருக்கிறாளே. அவளுக்கு இது தெரியக்கூடாது. அப்பா போன அன்றைக்கு அந்தப் பெண் மடியில் விழுந்து அழுதது இவளிடம் இல்லை, சீனுவிடம்தான். இப்போது அவளுக்கு அப்பாவும் இல்லை. மாமாவும் இல்லாமல் போக வேண்டுமா?

ஏழு மணி வாக்கில் போன் அடித்தது. சௌம்யாதான்.

"எங்கம்மா இருக்கே?"

"பஸ்ஸுக்கு நிக்கறேன். நீ இன்னும் ஆபீஸ்லதானே?"

"வேலை ஓடல. தலைவலின்னு சொல்லிட்டு ஆறு மணிக்கே வந்துட்டேன். மாமாவைப் பாத்தியா? என்ன சொன்னாரு?"

மரகதம் ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவன் வீட்டுல இல்லடி. டபுள் ட்யூட்டியாம். மமதாதான் இருந்தா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று போனை எடுத்துப் பார்த்தாள். நேரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அம்மா" என்றாள் சௌம்யா. "மாமா இங்க இருக்காரு."

"எங்க?"

"நம்ம வீட்டுல. வண்டியில வந்திருக்காரு. அரைமணி நேரமாச்சு. யூனிபார்ம்கூட மாத்தல. எல்லாத்தையும் சொல்லிட்டாரு. 'எதுக்குடா கையெழுத்து'ன்னு அப்பா கேட்டது வரைக்கும்."

மரகதம் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தாள்.

"அவர் சொன்னதுகூட எனக்கு..." சௌம்யா நிறுத்தினாள். அழவில்லை. அதுதான் மரகதத்துக்குப் பயமாக இருந்தது. "நீ ஏம்மா என்கிட்ட பொய் சொன்னே?"

"சௌமி..."

"வக்கீலம்மாவுக்கு போன் பண்ணிட்டேன். அவங்க அப்படியே உக்காந்துட்டாங்க போல. ஒரு அஃபிடவிட் போட்டுக் குடுத்தவர் இப்ப மாத்திச் சொன்னா ரெண்டையும் நம்ப மாட்டாங்களாம். நமக்குப் பெருசா உதவாதாம். பொய்ச் சத்தியம்னு அவர்தான் மாட்டிக்குவாராம். இருந்தாலும் சாட்சியா கூப்பிடலாமாம். மாமா வர்றேங்கறாரு. ஜெயிலுக்குப் போனாலும் சரிங்கறாரு. மனு உன் பேர்ல இருக்கு, அதனால நீதான் முடிவு பண்ணணுமாம். நாளைக்கு பத்து மணிக்குள்ள சொல்லணும்."

பஸ் ஒன்று வந்து நின்றது. ஜனங்கள் அவளை இடித்துக்கொண்டு ஏறினார்கள்.

"அவன் என்ன பண்றான் இப்போ?"

"வாசப்படிகிட்ட நிக்கறாரு. நான் கதவைத் தொறந்து வச்சிட்டு போயிடுங்கன்னு சொல்லிட்டேன். போகவும் மாட்டேங்கறாரு, உள்ள வரவும் மாட்டேங்கறாரு. மாடி வீட்டுக்காரங்க எட்டி எட்டிப் பாக்கறாங்க."

"முதல்ல கதவைச் சாத்துடி."

சௌம்யா மூச்சு விடுவது கேட்டது. அதற்கும் அப்பால், தூரத்தில், ஒரு ஆண் குரல் விசும்புவதும் கேட்டது.

"எப்படிம்மா சாத்தட்டும்?" என்றாள் மகள். "அவரை உள்ள வச்சா, வெளிய விட்டா?"

கண்டக்டர் படியில் நின்று, "அடுகோடி, அடுகோடி, பேக பன்னி" என்று சீக்கிரம் வரச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். மரகதம் போனைக் காதில் வைத்தபடி நின்றாள். பஸ் கிளம்பிப் போயிற்று.